பெயர் இருக்கிறது, ஆள் இருக்கிறாரா? ஆன்லைன் வகுப்பில் ஈடுபாட்டை அளப்பது எப்படி

வகுப்பு முடிந்து, "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்ன பிறகும் திரையில் ஐந்தாறு பெயர்கள் போகாமல் நிற்கும். ஆன்லைனில் பாடம் நடத்திய எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். கூப்பிட்டால் பதில் வராது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஆள் எங்கோ போயிருப்பார். வேடிக்கை என்னவென்றால், வருகைப் பட்டியலை இறக்கிப் பார்த்தால் எல்லோரையும் விட அதிக நிமிடம் வகுப்பில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

நான் பி.காம். மாணவர்களுக்கு வணிகப் புள்ளியியல் நடத்துகிறேன். 2020இல் எல்லோரையும் போலத் திடுதிப்பென்று ஆன்லைனுக்கு வந்தேன். இப்போது வாரம் இரண்டு வகுப்பு நேரலையிலும், மீதி மூடுலிலும் (பாடம், க்விஸ், ஒப்படைப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் மென்பொருள்) என்று ஓடுகிறது. மாணவர் ஈடுபாட்டை அளக்கிறேன் பேர்வழி என்று இத்தனை வருடத்தில் நான் செய்யாத தப்பு இல்லை. புதிதாக ஆன்லைனில் நடத்த வருபவர்களுக்காக, இப்போது நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன். முப்பது முதல் அறுபது பேர் வரை இருக்கும் வகுப்புக்கு இது சரிவரும். ஆயிரக்கணக்கில் சேரும் பாடங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

1. எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஈடுபாடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஃப்ரெட்ரிக்ஸ், ப்ளூமன்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அந்தப் பிரிவைத்தான் அதிகம் எடுத்தாளுகிறார்கள். ஒன்று செயல்: வருகிறாரா, கொடுத்த வேலையை முடிக்கிறாரா. இரண்டு உணர்வு: பாடம் பிடித்திருக்கிறதா, சலிப்பா, பயமா. மூன்று சிந்தனை: விஷயத்தோடு முட்டி மோதுகிறாரா, கடனே என்று செய்கிறாரா.

மென்பொருள் தானாக எண்ணித் தருவதெல்லாம் முதல் வகைதான். இரண்டாவது, வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். மூன்றாவதுக்கு நாம்தான் கேள்வியைப் பார்த்து அமைக்க வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம், ஒரு எண்ணைச் சேகரிக்கும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது தெரிந்தால் நான் என்ன செய்வேன்? பதில் வரவில்லை என்றால் அந்த எண் வேண்டாம். எந்த பிரவுசரில் வந்தார், எத்தனை மணிக்கு லாகின் செய்தார் என்பதையெல்லாம் ஒரு பருவம் முழுக்க ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்தேன். ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்த்துவிட்டு எதையும் மாற்றியதில்லை.

2. லாக் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

மூடுலில் உங்கள் பாடத்துக்குள் 'ரிப்போர்ட்ஸ்' பகுதியைத் திறந்தால் 'லாக்ஸ்', 'ஆக்டிவிட்டி ரிப்போர்ட்', 'கோர்ஸ் பார்ட்டிசிபேஷன்' என்று பல அறிக்கைகள் இருக்கும். புதியவர்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் உபயோகம். ஒரு க்விஸையோ அசைன்மென்டையோ தேர்ந்தெடுத்து, எத்தனை நாளுக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், யார் அதைத் தொட்டார், யார் தொடவில்லை என்று பட்டியல் வரும். தொடாதவர்களுக்கு மட்டும் அங்கிருந்தே செய்தியும் அனுப்பலாம்.

'லாக்ஸ்' அப்படி இல்லை. ஒவ்வொரு கிளிக்கும் ஒரு வரி. அறுபது பேர் வகுப்பில் ஒரு வாரத்திலேயே ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்துவிடும். இதிலிருந்து 'படித்த நேரம்' என்று கணக்கிட்டுத் தரும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றை நம்பும் முன் அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லாக்கில் பதிவாவது கிளிக் செய்த நேரம் மட்டும். ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் படித்த நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் சாப்பிடப் போனாலும் அது படித்த நேரம். கடைசியாகத் திறந்த பக்கத்துக்கு அடுத்த கிளிக்கே கிடையாது என்பதால், அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லவே முடியாது; உத்தேசமாக ஏதாவது போடுவார்கள். பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கம்தான் மாணவர் உட்கார்ந்து படித்த பக்கமாக இருக்கும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவி பாடக் குறிப்பின் பி.டி.எஃப். கோப்பை இறக்கி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். மற்றவர்கள் அங்கேயே எடுத்துப் படித்துக்கொள்வார்கள். மூடுல் கணக்குப்படி அந்தப் பாடத்தைப் படித்தது ஒரே ஒருவர்! டேட்டாவை மிச்சம் பிடிப்பவர்கள் செய்யும் புத்திசாலித்தனமான வேலை இது, திட்டவும் முடியாது.

ஆகவே லாக்கை ஒரே ஒரு கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வாரம் இவர் எட்டியாவது பார்த்தாரா? அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்காதீர்கள்.

3. வகுப்புக்குள் சின்னச் சின்னதாகக் கை வேலை கொடுங்கள்

அளப்பதற்கு ஏதாவது வேண்டுமென்றால் மாணவர் ஏதாவது செய்ய வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் சாட்டில் "எஸ் மேடம்" என்று மழையாகக் கொட்டும். முதல் ஆள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் போடுவது. அதில் அளக்க ஒன்றுமில்லை.

நான் செய்வது இது. வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் ஒரு கேள்வி. "பதிலை டைப் பண்ணி வைங்க, அனுப்பாதீங்க" என்பேன். ஒரு நிமிடம் கழித்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். காப்பி அடிக்க அவகாசம் இருக்காது. சாட்டை ஆசிரியருக்கு மட்டும் போகும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தப்பாகச் சொல்லக் கூச்சப்படுபவர்களும் பதில் போடுவார்கள். வகுப்பு முடிந்ததும் சாட்டைச் சேமித்துக்கொண்டால் யார் பதில் போட்டார் என்பதற்கு அதுவே பதிவு.

என்ன கேள்வி கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓர் உதாரணம் காட்டுகிறேன். இடைநிலை (மீடியன், அதாவது வரிசையில் நட்டநடுவில் நிற்கும் மதிப்பு) நடத்தும்போது இந்த அட்டவணையைக் கொடுப்பேன்: 0–10 பிரிவில் 5 பேர், 10–20இல் 8, 20–30இல் 12, 30–40இல் 10, 40–50இல் 5. மொத்தம் 40. பாதி 20. பிரிவு பிரிவாகக் கூட்டிக்கொண்டே போனால் வரும் குவிவு நிகழ்வெண் 5, 13, 25 என்று போகிறது. ஆக இடைநிலை 20–30 பிரிவில் விழும். சூத்திரத்தில் அதற்கு முந்தைய பிரிவின் குவிவு நிகழ்வெண்ணான 13ஐப் போட வேண்டும். போட்டால் விடை 25.83. வருடா வருடம் ஒரு கூட்டம் 13க்குப் பதில் 25ஐப் போடும். அவர்களுக்கு விடை 15.83.

இப்போது கவனியுங்கள். 15.83 என்பது 20–30 பிரிவுக்குள்ளேயே இல்லை. சூத்திரத்தில் எண்ணைப் போட்டுத் தள்ளியவர் 15.83 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஒரு பையன் அதே தப்பைச் செய்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். 25ஐச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. கீழே, "மேடம், 20க்கு மேலதானே வரணும்? எங்கயோ தப்பு பண்றேன்." விடை தப்புதான். ஆனால் அந்த வாரம் என் வகுப்பில் யாரைவிடவும் அதிகமாக ஈடுபட்டிருந்தது அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் மூடுலுக்குள் அந்த வாரம் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தான், அதுவும் ஏழு நிமிடம்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றிவிட்டேன். விடையை மட்டும் கேட்பதில்லை. "ஒருத்தர் 15.83 என்று போட்டிருக்கிறார். கணக்கைப் போடாமலே இது தப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கிறேன். ஒரு வரி பதில் போதும். வகுப்பில் மனசு இருந்தவரையும் இல்லாதவரையும் அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் பாடம் வரலாறோ வேதியியலோ எதுவாக இருந்தாலும், மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று இருக்கும். அங்கே கேள்வியை வையுங்கள்.

4. வாரத்துக்கு ஒரு தாள்

பெரிய டாஷ்போர்டு எதுவும் தேவையில்லை. ஒரு எக்ஸெல் தாள், இடப்பக்கம் பெயர்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் நான்கு நெடுவரிசைகள்: வகுப்பு நடுவே கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா (இரண்டு வகுப்பு, ஆகவே 0, 1 அல்லது 2), க்விஸை முயன்றாரா, கணக்கை ஒப்படைத்தாரா, தானாக ஏதாவது கேட்டாரா. கடைசியில் குறிப்பு எழுத அகலமாக ஓர் இடம். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். முதலாவது, நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள். எல்லாக் க்விஸையும் முயன்று ஒரு கேள்வியும் கேட்காதவரும், க்விஸ் பக்கமே வராமல் சாட்டில் தினமும் சண்டை போடுபவரும் கூட்டினால் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். இருவருக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு.

இரண்டாவது, ஒருவரை வகுப்பின் சராசரியோடு ஒப்பிடாதீர்கள். அவரது பழைய வாரங்களோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்று வாரம் யாரையும் எடை போட வேண்டாம். அவரவர் வழக்கம் என்ன என்று தெரியட்டும். அப்புறம் பாருங்கள். நடுக்கேள்விக்கு 2, 2, 2, 2, 0, 0 என்று ஒருவர் வரிசை. 1, 0, 1, 1, 0, 1 என்று இன்னொருவர் வரிசை. மொத்தத்தில் முதலாமவர் இரண்டு மடங்கு. ஆனால் நான் போனை எடுத்துக் கூப்பிடுவது முதலாமவரைத்தான். இரண்டாமவர் எப்போதும் அப்படித்தான்; அவரிடமும் பேச வேண்டும், அவசரம் இல்லை. தொடர்ந்து இரண்டு வாரம் வழக்கத்தை விட்டு இறங்கினால் அந்தப் பெயருக்கு மஞ்சள் நிறம் பூசுவேன். என்னிடம் இருக்கும் ஒரே அலாரம் அதுதான்.

5. வீடியோ போடுபவர்களுக்கு மட்டும்

வீடியோவை யூடியூபில் ஏற்றினால், யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எந்த நிமிடத்தில் விலகுகிறார்கள் என்று ஒரு கோடு கிடைக்கும். கோடு சட்டென்று சரியும் இடத்தையும், நடுவில் மேடாக எழும்பும் இடத்தையும் பாருங்கள். மேடு என்றால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று பொருள். நீங்கள் அங்கே வேகமாகப் போயிருக்கலாம். பார்ப்பவர்கள் குறைவாக இருந்தால் இந்தக் கோடு வருவதில்லை, வந்தாலும் இரண்டு பேர் ஆட்டத்தில் கோடே ஆடும். யார் பார்த்தார் என்பதையும் அது சொல்லாது. ஆகவே இது பாடத்தை அளக்கும் கருவி; ஆளை அளக்க உதவாது.

நீளம் பற்றிக் கேட்பார்கள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை எடுத்து ஃபிலிப் குவோவும் இன்னும் இருவரும் 2014இல் ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒரே மூச்சில் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக ஆறாவது நிமிடம் கத்தரிக்கோலோடு நிற்க வேண்டாம். நாற்பது நிமிட வீடியோவை நாலைந்தாக உடைத்து ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கேள்வியை வைத்தால், அளப்பதற்கு உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

6. கேளுங்கள்

முதலில் சொன்ன மூன்றில் இரண்டாவது, அதாவது உணர்வு, எந்த லாக்கிலும் வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூகுள் ஃபார்மில் இரண்டே கேள்வி, பெயர் வேண்டாம்: "இந்த இரண்டு வாரத்தில் எந்த இடம் சுத்தமாகப் புரியவில்லை?", "எந்த இடத்தில் தூக்கம் வந்தது?" இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். பத்துக் கேள்வி போட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று தட்டிவிட்டுப் போவார்கள்.

மஞ்சள் பூசிய பெயர்களுக்கு ஃபார்ம் உதவாது. போன்தான். "ஏன் க்விஸ் எழுதலை?" என்று தொடங்கினால் "நெட் இல்லை மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான், "தம்பி, ரெண்டு வாரமா உன் பதிலையே காணோமேப்பா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு மாணவி அப்படிப் பேசும்போதுதான் சொன்னார்: வீட்டில் ஒரே போன், தம்பி பத்தாம் வகுப்பு, அவனுக்கும் அதே நேரத்தில் டியூஷன். இரண்டு வாரமாக அவர் என் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் வந்து பெயரைக் காட்டிவிட்டு, போனைத் தம்பியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். படிப்பில் ஆர்வம் போய்விட்டது என்று நான் எழுதி வைத்திருந்த குறிப்பை அழித்துவிட்டு, "போன் தம்பியிடம்" என்று எழுதினேன். அவருக்கு நடுக்கேள்வியை ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏற்பாடு செய்தோம்.

இன்னொரு வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் கிஸில்செக், பீச், ஷ்னைடர் ஆகியோர் 2013இல் பெரிய திறந்தநிலைப் பாடங்கள் மூன்றை ஆராய்ந்து, படிப்பவர்களை நான்கு விதமாகப் பிரித்தார்கள். முடிப்பவர்கள், தொடங்கிவிட்டு விலகுபவர்கள், அங்கங்கே தொட்டுப் பார்ப்பவர்கள் போக, பரீட்சை எதுவும் எழுதாமல் பாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வருபவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. கட்டாயப் பாடத்தில் இவர்கள் குறைவு. சான்றிதழ் விருப்பம்போல் என்று நடத்தும் பாடத்தில் நிறைய வருவார்கள். உங்கள் தாளில் இவர்களுக்கு எல்லாமே சுழியாக இருக்கும். விலகியவர் என்று எழுதிவிடாதீர்கள்.

7. செய்யக்கூடாதவை

கேமராவைக் கட்டாயமாக்கி அதை ஈடுபாட்டுக்குச் சான்றாக எடுக்காதீர்கள். ஒரே அறை வீட்டில் பின்னால் பாட்டி படுத்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் கேமராவைப் போட விரும்பாது. ஜூமில் ஒரு காலத்தில் கவனத்தைக் கண்காணிக்கும் வசதி இருந்தது. ஆசிரியர் திரையைப் பகிரும்போது மாணவர் வேறு ஜன்னலுக்குப் போய் 30 விநாடிக்கு மேல் ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி வரும். வேறு ஜன்னலில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவருக்கும் அதே குறிதான். 2020 ஏப்ரலில் அதையே எடுத்துவிட்டார்கள்.

அளப்பதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னது ஒன்று உண்டு: ஓர் அளவை வைத்துக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் அந்த அளவு கெட்டுப்போகும். வகுப்பிலும் அப்படித்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், விவாதப் பகுதியில் வாரம் இரண்டு பதிவு போட்டால் ஐந்து மதிப்பெண் என்று உத்தரவு வந்தது. "அருமையான கருத்து தோழி, நன்றி" என்று முப்பது பதிவுகள். மாத அறிக்கையில் எங்கள் துறைக்கு முதலிடம்.

என்ன சேகரிக்கிறீர்கள் என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான்கு நெடுவரிசைகளையும் திரையில் காட்டிவிடலாம், மறைக்க ஒன்றுமில்லை. பள்ளியில் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்று வைத்து, அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தனியாகக் கட்டுப்பாடு போடுகிறது. கல்வி நிறுவனத்துக்கு எதுவரை விலக்கு என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

8. பருவ முடிவில் உங்கள் தாளுக்கே ஒரு பரீட்சை

பருவத் தேர்வு மதிப்பெண் வந்ததும் தாளை மறுபடி திறங்கள். எந்த நெடுவரிசை தேர்வு மதிப்பெண்ணோடு சேர்ந்து போகிறது, எது சம்பந்தமே இல்லாமல் அலைகிறது என்று பாருங்கள். கணக்கு வராதவர்கள்கூட மதிப்பெண் வாரியாக வரிசைப்படுத்திவிட்டு, மேலே பத்துப் பேரையும் கீழே பத்துப் பேரையும் கண்ணால் ஒப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சேர்ந்து போவதால் இதனால்தான் அது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு போட்டு மாணவர்களை எச்சரிக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அந்த விளக்குள்ள பாடங்களை அதிகம் படித்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்ந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2013இல் சிலர் திருப்பிக் கேட்டார்கள்: அதிக நாள் படிப்பில் தொடர்ந்தவர் அதிகப் பாடம் எடுத்திருக்கத்தானே செய்வார்? விளக்கால்தான் தொடர்ந்தார் என்று எப்படிச் சொல்வது?

நான் இந்தச் சோதனையை மாணவர்களிடமே விட்டேன். இரண்டு தர வரிசைகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஸ்பியர்மேனின் தர ஒட்டுறவுக் கெழு எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. முந்தைய ஆண்டு வகுப்பின் தாளைப் பெயர்களை நீக்கி, வரிசையைக் கலைத்து, பயிற்சிக் கணக்காகக் கொடுத்தேன். அந்த ஆண்டுத் தாளில் வீடியோ பார்த்த நிமிடம் என்று ஐந்தாவதாக ஒரு நெடுவரிசை வைத்திருந்தேன். நடுக்கேள்விக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உறவு நன்றாகவே வந்தது. வீடியோ நிமிடத்துக்குச் சுழியை ஒட்டி வந்தது. ஒரு மாணவி கை தூக்கினார்.

"மேடம், ஒண்ணுத்துக்கும் உதவலைன்னா அந்த வரிசையை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

அடுத்த பருவத்துத் தாளில் நான்குதான் இருக்கிறது.